காரணமானவர்

பிரிக்ஃபீல்ட்ஸ் கார்த்திகேசுவிடம் போய் ஒரு பொருள் கெட்டுவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். என்ன ஆயிற்று என்று கேட்க மாட்டார். எப்போது ஆயிற்று என்றும் கேட்க மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கி, அதற்கு மேலாக உங்களைப் பார்த்து, "யாரு தொட்டது?" என்பார்.

இருபத்தெட்டு வருஷம் அரசாங்க இலாகாவில் தொலைபேசிப் பழுது பார்த்தவர். மழையோ வெயிலோ, கம்பத்துக்குக் கம்பம் சைக்கிளில் போய், போன் வேலை செய்யாத வீட்டு வாசலில் நின்று அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். இலாகாவில் அவருக்கு 'யாருதொட்டது கார்த்திகேசு' என்றே பெயர் விழுந்திருந்தது. அது கிண்டல் என்பது அவருக்குக் கடைசிவரை உறைக்கவில்லை. பட்டம் மாதிரி நினைத்துக்கொண்டு அதைத் தானே பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

1986-இல் ஓய்வு பெற்றதும் கோலாலம்பூரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனார். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரே அபூர்வம், அதைப் பழுது பார்க்கிறவர் அதைவிட அபூர்வம். போன இடமெல்லாம் விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் ஒரு அறிக்கை எழுதிக் கொடுப்பார். அதற்கென்றே பிரிக்ஃபீல்ட்ஸ் அச்சகத்தில் தாள் அடித்து வைத்திருந்தார். மூன்று கட்டங்கள்: புகார், காரணம், காரணமானவர். மூன்றையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டு, கார்பன் நகலைத் தான் வைத்துக்கொண்டு, மேல்தாளை வீட்டுக்காரரிடம் நீட்டுவார். மூன்றாவது கட்டத்தை அவர் ஒருநாளும் காலியாக விட்டதில்லை. எந்தப் பழுதுக்கும் ஒரு ஆள் உண்டு என்பது அவர் கட்சி.

சொந்த வீட்டுக்கும் இதே சட்டம்தான். ஒருமுறை இஸ்திரிப் பெட்டி புகைந்து அணைந்தது. காரணமானவர் கட்டத்தில் மகள் புனிதவதியின் பெயரை எழுதி, ஐஸ் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், வயரை எலி கடித்திருந்தது. மனைவி தாளைக் கிழிக்கப் போனபோது, "எழுதினது எழுதினதுதான், விடு" என்று தடுத்துவிட்டார். அந்தத் தாள் தீபாவளி வரைக்கும் கதவிலேயே இருந்தது. புனிதவதி இப்போது ஷா ஆலத்தில் இருக்கிறாள், அரை மணி நேரப் பயணம். வருஷத்துக்கு ஒருமுறை வந்து, ஒரு பொருளையும் தொடாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள்.

இப்படிப்பட்ட மனிதர் கிள்ளானில் சோலையப்பன் வீட்டுக்குப் போன கதைதான் இது.

சோலையப்பனுக்கு கிள்ளான் கடைத்தெருவில் எவர்சில்வர் பாத்திரக் கடை. கீழே கடை, மாடியில் வீடு. சரக்கு இருப்பைப் பதிய வேண்டும் என்று சொல்லி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். ஐம்பத்திரண்டு வயது மனிதர் அதில் செய்த ஒரே வேலை விமானம் ஓட்டுவது. விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று அதில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, சட்டை போடாமல் உட்கார்ந்து, ஓடுபாதையிலிருந்து கிளப்பி, மேகத்துக்குள் விட்டு, மறுபடி தரையில் இறக்குவார். இறக்கும்போது மோதி நொறுங்கினால் அன்று வீட்டில் யாரும் வாய் திறக்கக்கூடாது.

அந்த விளையாட்டுக்கு ஒரு முரண்டு உண்டு. உள்ளங்கை அகலத்தில் கறுப்புச் சதுரமாக வந்த அசல் டிஸ்கெட்டை ஒவ்வொரு தடவையும் மெஷினின் வாயில் திணித்தால்தான் ஆரம்பிக்கும். நகல் வைத்தால் ஏற்காது. டிஸ்கெட்டின் கறுப்பு உறையில் ஒரு நீள ஓட்டை இருக்கும். அதன் வழியாக உள்ளே சுழலும் தகடு தெரியும். கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்த அன்றே கார்த்திகேசு வீட்டாரை வரிசையாக நிற்கவைத்து, "இந்த ஓட்டையில மட்டும் விரல் படக்கூடாது. பட்டா போச்சு" என்று பாடம் எடுத்திருந்தார்.

1989-இல், சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் காலை, சோலையப்பன் அவருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, பிளேன் கிளம்ப மாட்டேங்குது. உடனே வாங்க. வந்து பாத்து, யாருன்னு எழுதிக் குடுங்க. அதுல ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கு."

கார்த்திகேசுவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பையைத் தூக்கிக்கொண்டு கிள்ளான் பஸ் ஏறினார்.

மாடி ஏறியதும், வழக்கப்படி, "யாரு தொட்டது?" என்றார்.

பதில் தயாராக இருந்தது. "ஆச்சிதான்" என்றாள் சோலையப்பனின் மனைவி உமையாள், சமையற்கட்டுப் பக்கம் கையைக் காட்டி. "நேத்துப் பூஜையில இதையும் சாமிகிட்ட வெச்சாங்க. சந்தனம் வெச்சது அவங்கதான்."

ஆச்சி என்பது நாச்சாள். சோலையப்பனின் அண்ணன் பெரியகருப்பனின் மனைவி. கடையைத் தொடங்கியவர் பெரியகருப்பன். ஊரிலிருந்து தம்பியைக் கப்பல் ஏற்றிக் கூட்டி வந்து, கல்லாவில் உட்கார வைத்தவரும் அவர்தான். அவர் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. கடைப் பலகையில் அவர் பெயர் இன்னும் இருந்தது. அவர் மனைவி, அறுபத்து மூன்று வயதில், சாமி அறையை ஒட்டிய எட்டடி அறையில் இருந்தாள். பிள்ளை இல்லை. ஊரிலும் ஆள் இல்லை.

முதல் நாள் பூஜையில் கணக்குப் புத்தகம், தராசு, தையல் மெஷின், அரிவாள்மனை எல்லாவற்றோடும் கம்ப்யூட்டரையும் டிஸ்கெட் பெட்டியையும் வைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் நாச்சாள் சந்தனம் அரைத்து வைத்தாள். அதன் மேல் குங்குமம் வைத்தவள் உமையாள். தாலி இருப்பவள்தான் குங்குமம் வைக்க வேண்டும் என்பது அந்த வீட்டு முறை. ஆகவே தொட்ட கைகள் இரண்டு ஜோடி. ஆனால் காலையிலிருந்து அந்த வீட்டில் ஒரு ஜோடிக் கையைப் பற்றித்தான் பேச்சாக இருந்தது.

கார்த்திகேசு சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மெஷினைப் போட்டார். நன்றாக எழுந்தது. விளையாட்டின் பெயரைத் தட்டினார். கர்ர் கர்ர் என்று இரண்டு தடவை முனகியது. அசல் டிஸ்கெட்டைப் போடு என்று திரையில் எழுத்து வந்தது. அசல் டிஸ்கெட் உள்ளேதான் இருந்தது. வெளியே எடுத்து மறுபடி போட்டார். மறுபடியும் அதே முனகல், அதே எழுத்து.

"பாத்தீங்களாண்ணே" என்றார் சோலையப்பன். "ஒரு மாசமா நான் ஊர்ல இல்ல. பூஜைக்கு முந்தின நாள்தான் வந்தேன். எனக்கு இது ஒண்ணுதான் பொழுதுபோக்கு. இன்னிக்குக் காலையில ஆசையா உக்காந்தா இப்படி."

கீழே வாடிக்கையாளர் கூப்பிட, சோலையப்பன் இறங்கிப் போனார். உமையாளும் பின்னால் போனாள். நாச்சாள் தேநீர் கொண்டுவந்து மேசையில் வைக்கப் பயந்து, தரையில் வைத்தாள்.

"தம்பி, கெட்டுத்தான் போச்சுங்களா?"

"பாத்துக்கிட்டு இருக்கேன் ஆச்சி."

"ஒரு வார்த்தை சொல்லணும். போன மாசம் அடுப்ப அணைக்க மறந்துட்டேன். அதுக்கு முன்ன உமையாளோட பட்டுச் சேலைய சலவைச் சோடாவுல ஊறப் போட்டுட்டேன். இன்னொண்ணு ஏதாச்சும் கெடுத்தா சுங்கை பூலோவுல முதியோர் இல்லத்துல கொண்டுபோய் விட்ருவேன்னு கொழுந்தனார் சொல்லிட்டாரு. இன்னிக்குக் காலையில, 'அண்ணமிண்டி, கார்த்திகேசு எழுதிக் குடுக்கிறதுதான் தீர்ப்பு'ன்னு சொல்றாரு." அண்ணன் மனைவியை அவர்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நீங்க சொன்னது ஞாபகம் வெச்சு, அந்த ஓட்டையில படாம ஓரமாத்தான் தம்பி வெச்சேன். கொஞ்சம் நல்லாப் பாருங்க."

அவள் போனதும் கார்த்திகேசு நிஜமாகவே நன்றாகப் பார்த்தார். வேலை தெரிந்தவர், அதை மறுக்க முடியாது. தன் பையிலிருந்த டிஸ்கெட்டைப் போட்டார். மெஷின் தடங்கல் இல்லாமல் படித்தது. அப்படியானால் மெஷினின் வாயில் குறை இல்லை. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து உள்ளே துடைத்தார். பஞ்சில் சந்தனமும் இல்லை, குங்குமமும் இல்லை. பெட்டியிலிருந்த மற்ற டிஸ்கெட்டுகளுக்கும் பொட்டு வைத்திருந்தது. ஒவ்வொன்றாகப் போட்டார். எல்லாம் ஓடின. அசல் டிஸ்கெட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பொட்டு, உறையின் மேல் மூலையில், ஓட்டையிலிருந்து இரண்டு விரல் தள்ளி இருந்தது. காய்ந்து ஒட்டிப்போய், ஓரம் பிசகாத வட்டம். தகட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு துளி கறை இல்லை.

அந்த வீட்டில் அவர் எடுத்த பாடத்தை மனத்தில் வாங்கிக்கொண்டவள் அந்தக் கிழவி ஒருத்திதான்.

அப்படியென்றால் எப்படிக் கெட்டது? டிஸ்கெட்டைக் கீழே வைக்க இடம் தேடியபோது, மேசை ஓரத்தில் இருந்த தொலைபேசி கண்ணில் பட்டது. கார்த்திகேசுவின் கை அப்படியே நின்றது.

இருபது நாளுக்கு முன், சோலையப்பன் ஊரில் இல்லாதபோது, சரக்குப் பட்டியல் வேலையாக அவர் இங்கே வந்திருந்தார். இதே மேசை. பிரிக்ஃபீல்ட்ஸ் வாடிக்கையாளர் ஒருவர் அவரைத் தேடி இங்கே போன் செய்தார். ஏதோ ஒரு எண் கேட்டார். எண் எழுதிய தாள் கீழே, கடையில் விட்டிருந்த பையில். "இருங்க, எடுத்துட்டு வரேன்" என்று சொல்லி, போன் கைப்பிடியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். மேசையில் என்ன இருந்தது? காகித உறையிலிருந்து எடுத்துப் போட்டிருந்த அசல் டிஸ்கெட். கைப்பிடியின் காதுப் பக்கம் நேராக அதன் மேல். பத்து நிமிஷம்.

காதுப் பக்கத்துக்குள் காந்தம் இருக்கிறது. டிஸ்கெட்டுக்குக் காந்தம் விஷம். இது உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று விட்டுவிடலாம், கார்த்திகேசுவுக்குத் தெரியாது என்று விட முடியுமா? இருபத்தெட்டு வருஷம் அந்தக் கைப்பிடிகளைக் கழற்றிப் பூட்டியவர். காந்தத்துக்குப் பக்கத்தில் கைக்கடிகாரத்தை வைத்ததற்காக, இலாகாவில் எத்தனை புது ஆட்களை அழ அழ ஏசியிருக்கிறார்.

அவருக்கு அவமானமாகத்தான் இருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் வெட்கப்பட்ட மனிதன் நியாயமாக நடப்பான் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். அவர் நினைத்தது நாச்சாளை அல்ல. கிள்ளான் கடைத்தெருவில் தனக்கு இருக்கும் ஏழு வாடிக்கையாளர்களை நினைத்தார். யாருதொட்டது கார்த்திகேசுவே தொட்டுக் கெடுத்தார் என்று அவர்கள் சொல்லிச் சிரிப்பதை நினைத்தார். தூசி என்று எழுதலாம். பழசு என்று எழுதலாம். மூன்றாவது கட்டத்தில் ஒரு கோடு போடலாம். அவர் கௌரவமும் போகாது, கிழவியின் அறையும் போகாது. அதெல்லாம் அவருக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் பெயர் கேட்டல்லவா கூப்பிட்டிருக்கிறார்கள். பெயர் இல்லாத அறிக்கையைப் பார்த்தால், இவருக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்று நினைத்துவிடுவார்களே.

சோலையப்பன் மேலே வந்தார். நாச்சாளும் கதவருகே வந்து நின்றாள்.

"சந்தனம்தான்" என்றார் கார்த்திகேசு.

"ஓரமாத்தானே தம்பி..." என்று ஆரம்பித்தாள் நாச்சாள்.

"ஓரமா வெச்சாலும், ஈரம் ஊறி உள்ள போயிடும் ஆச்சி. கண்ணுக்குத் தெரியாது." பொய் அவர் வாயிலிருந்து பாடம் மாதிரியே நிதானமாக வந்தது.

மற்ற டிஸ்கெட்டுகளிலும் அதே சந்தனம்தானே, அதெல்லாம் ஊறவில்லையா என்று கேட்க அங்கே ஆள் இல்லை. சோலையப்பனுக்குக் கேட்க விருப்பமில்லை. உமையாள் அந்த எட்டடி அறையைத் துணி பீரோ வைக்க அளந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நாச்சாளோ, பழுது பார்க்கிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாள். கொடுமையே அதுதான். தன் கண்ணால் பார்த்து, ஓரமாக வைத்தவள், ஒரு நிமிஷத்தில் தன் கையையே சந்தேகப்பட்டுப் பார்த்தாள்.

"தெரியாமச் செஞ்சுட்டேன்னாவது எழுதுங்க தம்பி" என்றாள். "வேணும்னு செஞ்சேன்னு இருந்துடக் கூடாது."

கார்த்திகேசு எழுதினார். புகார்: விமான விளையாட்டு ஆரம்பிக்கவில்லை. காரணம்: டிஸ்கெட்டில் சந்தனம். காரணமானவர்: நாச்சாள் ஆச்சி, அறியாமல் செய்தது. எழுதி முடித்தபோது, கடைசி இரண்டு வார்த்தையைச் சேர்த்த தன் பெருந்தன்மையில் அவருக்கே ஒரு திருப்தி வந்தது. கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்தார். கெட்டுப்போன டிஸ்கெட்டைச் சோதனைக்கு வேண்டும் என்று கேட்டுத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரமே நாச்சாளைச் சுங்கை பூலோவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். இல்லத்தின் பதிவேட்டுக்குக் காரணம் ஏதாவது சொல்ல வேண்டுமே. சோலையப்பன் அந்த அறிக்கையையே மடித்துக் கொடுத்தார். கையெழுத்துப் போட்ட தாள் என்பதால், இல்லத்தாரும் படித்துப் பார்க்காமலே பத்திரமாகக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள். சோலையப்பனுக்குக் கோலாலம்பூரிலிருந்து புது அசல் டிஸ்கெட் வந்தது. விமானம் பறந்தது.

கார்த்திகேசு பொட்டு வைத்த டிஸ்கெட்டைச் சோதனை எதற்கும் உட்படுத்தவில்லை. வீடு வீடாகக் காட்டினார். "இதப் பாருங்க, சாமி கும்பிட்டே கெடுத்திருக்காங்க" என்று பையிலிருந்து எடுப்பார். பார்த்தவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாலைந்து புது வாடிக்கையாளர்கள் அந்தக் கதையாலேயே கிடைத்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, சோலையப்பன் புது கம்ப்யூட்டர் வாங்கினார். பழையதை என்ன செய்வது? இல்லத்துக்குத் தானம் கொடுத்தார். கோயில் குழல்விளக்கில் எழுதுவது மாதிரி, அதன் பக்கவாட்டில் சிவப்புப் பெயிண்டில் 'உபயம்: சோலையப்பன், கிள்ளான்' என்று எழுதியிருந்தது. சாயங்காலம் பெரியவர்கள் உட்கார்ந்து விமானம் பறப்பதைப் பார்க்கலாம் என்று இல்லத்தை நடத்தும் லெட்சுமி ஆசைப்பட்டாள். அது கிளம்பவில்லை. கார்த்திகேசுவுக்குச் சொல்லி அனுப்பினாள்.

கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பெரியவர்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கார்த்திகேசு யாரையும் பார்க்கவில்லை. மெஷினுக்கு முன் நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடியை இறக்கி, "யாரு தொட்டது?" என்றார்.

வரிசையின் கோடியில் ஒரு உருவம் எழுந்தது. எழுந்த வேகத்தில் கை சுவரைத் தேடியது.

"நான் தொடலைங்க தம்பி" என்றாள் நாச்சாள். "இது வந்த அன்னிக்கே தள்ளி உக்காந்துட்டேன். லெட்சுமியக் கேட்டுப் பாருங்க."

"ஆமா அங்கிள்" என்றாள் லெட்சுமி. "ஆச்சி எதையுமே தொடமாட்டாங்க லா. லைட்டு சுவிச்சு கூட. சாமிக்குச் சந்தனம் அரைங்கன்னா, நான் வெச்சா கெட்டுடும்னுவாங்க. ஏன்னு தெரியல."

கார்த்திகேசு திரும்பி மெஷினைப் பார்த்துக்கொண்டார். பழுதே இல்லை. சோலையப்பன் மெஷினைக் கொடுத்தாரே தவிர, அசல் டிஸ்கெட்டைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டுவிட்டார். அது இல்லாமல் விமானம் எந்த ஜென்மத்திலும் கிளம்பாது. தாளை எடுத்தார். புகார் எழுதினார். காரணம்: அசல் டிஸ்கெட் இல்லை. மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. சோலையப்பன் இன்னும் வாடிக்கையாளர். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டார். இவ்வளவு சுலபமாக விடக்கூடிய கட்டம் அது.

நாச்சாள் அருகில் வந்து, மேசையில் கை படாமல், முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு தாளை எட்டிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கண் உதவவில்லை.

"என் பேரு இல்லியே தம்பி?"

"இல்ல ஆச்சி."

"அப்ப நான் கெடுத்தேனே, அந்த டிஸ்கெட்டு. அது என்ன ஆச்சு?"

அது அவர் காலடியில், பைக்குள், பொட்டு அழியாமல் இருந்தது. ஒரு வார்த்தை போதும். இரண்டு வருஷமாக ஒரு விளக்கைக்கூடப் போடாத அந்தக் கை, அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குத் திரும்பக் கிடைத்திருக்கும்.

"தூக்கிப் போட்டாச்சு ஆச்சி" என்றார்.

"நல்லதாப் போச்சு" என்றாள் நாச்சாள். "தெரியாமச் செஞ்சதுன்னு அன்னிக்கு எழுதினீங்களே, அந்த ஒரு வார்த்தையிலதான் நான் இன்னும் தலை நிமிர்ந்து இருக்கேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கார்த்திகேசு பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். மறுநாள் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு புது வீட்டில், விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டார்கள். தேநீர் வந்தது. அவர் பையைத் திறந்து டிஸ்கெட்டை வெளியே எடுத்தார்.

"இதப் பாருங்க" என்றார்.